பர்மாப் போர்முனைப் படங்களுக்குத் தமிழ்க் குறிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர்க்கால ஆவணப்படங்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை யாங்கோனிலிருந்து படித்தேன். முதல் உலகப் போரின்போது 1916-இல் வெளியான சோம் போர்க்களப் படத்தை விரிவாகப் பேசிய கட்டுரையாளர், இரண்டாம் உலகப் போரின் பர்மாப் போர்முனையை ஒரே வரியில் கடந்துவிட்டார். தமிழ்ச் சிப்பாய்கள் திரளாகப் பணியாற்றிய இப்போர்முனைக்கு அது போதாது.

பிரிட்டிஷ் ராணுவத் திரைப்படப் பிரிவு ராய் போல்டிங்கின் இயக்கத்தில் 1945-இல் எடுத்து முடித்த ‘பர்மா விக்டரி’யில், மாண்டலேயைப் பிடித்த சண்டையைவிட மழையும் காய்ச்சலுமே என் மனத்தில் நிற்கின்றன. அது மிகையன்று. 1943-இல் காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் அப்புறப்படுத்தப்பட்டனர் என்று பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் பதினான்காம் ராணுவத்தின் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். மலேரியாவுக்கான மெபாக்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கும். ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. ஆகவே சிப்பாய்கள் அதை விழுங்குகிறார்களா என்று அதிகாரிகள் நின்று பார்க்க வேண்டியிருந்தது; தம் சிப்பாய்கள் மாத்திரையை ஒழுங்காக உண்ணவில்லை என்று திடீர்ச் சோதனையில் தெரியவந்த படைத்தலைவர்கள் மூவரை ஸ்லிம் பதவியிலிருந்தே நீக்கினார். பாராசூட் துணி கிட்டாதபோது கல்கத்தா ஆலைகள் சணலில் பாராசூட் செய்து கொடுத்தன. விமானத்திலிருந்து அவற்றில் கட்டி இறக்கப்பட்ட பொருள்களைக் கொண்டுதான் காட்டில் அடுப்பெரிந்தது. போர்முனைக்குப் பின்னால் நடந்த இத்தகைய வேலைகளே சிப்பாயின் வாழ்வில் பெரும்பகுதி.

இப்படங்களில் ஒரு குறை உண்டு. போர்முனையில் ஒலி பெரும்பாலும் பதிவாகவில்லை; வெடியோசையும் வர்ணனையும் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை. மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவினர் பாலம் கட்டுவதைப் படம் பிடித்திருந்தாலும் அவர்கள் தங்களுக்குள் பேசிய தமிழை நாம் கேட்க வழியில்லை. ஆனால் ராணுவப் படப்பிடிப்பாளர்கள் ஒவ்வொரு சுருளோடும் இடம், நாள், படைப்பிரிவு ஆகியவற்றை எழுதி அனுப்பிய குறிப்புத் தாள்கள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. முடிந்த படத்தைவிட நமக்கு அவையே பயன்மிக்கவை என்பது என் கருத்து. தாத்தா எந்தக் கம்பெனியில் இருந்தார் என்று தெரிந்த குடும்பம், அவர் நின்ற ஆற்றங்கரையையாவது அவற்றின் உதவியால் தேடிப் பார்க்கலாம்.

இங்கே யாங்கோனுக்கு அருகிலுள்ள தௌக்யான் போர்க் கல்லறையின் தூண்களில், அடக்க இடம் அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மதராஸ் படைப்பிரிவினரும் அவர்களுள் அடங்குவர். அங்குள்ள அஞ்சலி வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகி ஆகியவற்றில் இருக்கிறது, தமிழில் இல்லை.

கல்வெட்டை மாற்றுவது எளிதன்று, படங்களுக்குத் தமிழ்க் குறிப்பு எழுதுவது எளிது. தமிழ்ச் சிப்பாய்கள் இடம்பெறும் காட்சிகளின் பிரதிகளையும் குறிப்புத் தாள்களையும் பெற்று, தமிழ் விளக்கத்துடன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு தமிழக அரசைத் தங்கள் நாளேடு வலியுறுத்த வேண்டும். ஜப்பானியச் செய்திப் படங்களில் பதிவான இந்திய தேசிய ராணுவக் காட்சிகளையும் இதில் சேர்ப்பதே நியாயம். அந்தப் படையிலும் மலாயாவிலிருந்து வந்த தமிழர் ஏராளம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாங்கோன்.