நூல் எங்கே போய் முடிந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு போனில் நீ பேசியதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கோபமாக இருக்கும்போது குறுக்கே பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ என்னை நிறுத்த முடியாது பார்.

பத்திரிகைக் கட்டுரைக்கு வரைந்த படத்துக்கு நீ பதக்கம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு ஆர்ட் டைரக்டர், அதாவது பத்திரிகையில் எந்தப் படம் வரும் என்று முடிவு செய்பவர், உன் அடுத்த படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அழகாக இருக்கிறது, ஆனால் இது எந்தக் கட்டுரைக்கு?" என்று ஒரே ஒரு வரி. இதே வரியை வேறு வேறு வார்த்தைகளில் 26 வருஷம் பத்திரிகைப் பக்கங்களை அமைக்கும் லே-அவுட் மேசையில் உட்கார்ந்து பல ஓவியர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். நீ திட்டியது அவரை. காது சுட்டது எனக்கு.

முதலில் பதக்கம் வாங்கிய படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஞாபகம் தப்பிப்போகும் தாய்மாரைப் பார்த்துக்கொள்ளும் மகள்களைப் பற்றிய கட்டுரை அது. அம்மா போட்டிருக்கும் ஸ்வெட்டர் கீழிருந்து பிரிந்துகொண்டே வருகிறது. மகள் எதிரே உட்கார்ந்து, பிரியும் நூலைப் பொறுமையாகப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் படம். கண்ணீர் இல்லை, மாத்திரை டப்பா இல்லை, தலைக்குள் புதிர்த்துண்டு காணாமல் போன வழக்கமான படமும் இல்லை. அதைப் பார்த்தபோது உன் அப்பனாக இல்லாமல் பழைய லே-அவுட்காரனாகத்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

ஏன் தெரியுமா? அச்சான பக்கத்தில், பந்திலிருந்து ஒரு இழை நழுவி, படத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்து, கட்டுரையின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் போய் முடிகிறது. கண் படத்திலிருந்து தானாக இறங்கி வாசிப்புக்குள் போய்விடுகிறது. விருதுக்கு அனுப்பிய பிரதியில் அந்த இழையை ஓரத்தோடு வெட்டிவிட்டாய். வெட்டாமல் முடியாதுதான், அங்கே கட்டுரை இல்லையே. நடுவர்கள் பார்த்தது நல்ல படம். அதைவிட நல்ல ஒன்றை அவர்கள் பார்க்கவே இல்லை. பத்திரிகையை வாங்கியவர்கள்தான் பார்த்தார்கள்.

இப்போது திரும்பி வந்த படத்துக்கு வருகிறேன். தன் நிழலையே மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்துகொண்டு போகும் மனிதன். அந்த ஆழ்ந்த நீலம், அப்பா! கையெழுத்துப் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஆனால் கட்டுரை கடனைப் பற்றியது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குகிறவர்களைப் பற்றியது. உன் நிழல்மூட்டைக்காரனை விவாகரத்துக் கட்டுரைக்கும் வைக்கலாம், முதுமைக் கட்டுரைக்கும் வைக்கலாம், யாராவது செத்துப்போன கட்டுரைக்கும் வைக்கலாம். எங்கும் பொருந்துகிற படம் எதற்காகவும் வரைந்த படம் இல்லை. பல்ப், ஏணி, சதுரங்கக் காய், கயிற்றின் மேல் நடப்பவன் என்று தேய்ந்துபோன உருவங்களை நீ எப்போதும் கிண்டல் செய்வாய். நிழல்மூட்டை அவற்றைவிடக் கொஞ்சம் விலை உயர்ந்த பல்ப்.

கோபப்படாதே, இன்னும் இருக்கிறது.

கட்டுரையை எத்தனை தடவை படித்தாய்? நேற்று நீ கதையை எனக்குச் சொன்னபோது, நடுவில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய்: அதில் வரும் ஆள் வீட்டில் போனை எப்போதும் கவிழ்த்தே வைப்பாராம், வசூல்காரர்களின் அழைப்பு மனைவி கண்ணில் படக் கூடாது என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன். நீ நிற்கவில்லை. எழுதியவர் பெரிய வார்த்தை எதுவும் போடாமல் கடந்துபோன இடத்தில்தான் பெரும்பாலும் படம் இருக்கிறது. தலைப்பில் இருப்பதில்லை, முடிவுரையில் நிச்சயமாக இருப்பதில்லை. கவிழ்ந்த போனை வைத்து என்ன வரைவது என்று என்னைக் கேட்காதே. எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது.

இதிலெல்லாம் ஆர்ட் டைரக்டர்தான் எப்போதும் சரி என்று நினைத்துவிடாதே. ஒரு தொழிற்சாலை மூடப்பட்டது பற்றிய கட்டுரைக்கு ஒரு ஓவியர் எனக்கு ரஃப், அதாவது முதல் பென்சில் வரைவு, அனுப்பினார்: தொழிலாளர்கள் அட்டை செருகி நேரம் பதியும் பழைய இயந்திரம், அட்டை போடும் பிளவில் ஒரு குருவிக்கூடு. பார்த்ததும் பிடித்துவிட்டது. அடுத்த நிமிஷமே, "தொழிற்சாலை எங்கே?" என்று மேலே யாராவது கேட்பார்களே என்ற பயம். பூட்டிய கேட் வரையச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் வரைந்து கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்தான் அச்சாயிற்று. இன்று அந்தக் கேட்டை எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. கூடு அப்படியே இருக்கிறது. அன்று நான் பேசியது கட்டுரையைப் பற்றி இல்லை, என் நாற்காலியைப் பற்றி. படத்தை மறுப்பவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கவனி. உன் ஆள் கட்டுரையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்.

ஓவியர் எட்கர் அல்ல, எடெல் ரோட்ரிகஸ் (பெயரை நான் எப்போதும் மாற்றிச் சொல்வேன் என்று நீ சிரிப்பாய்) மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர். 1980-ல் க்யூபாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படகில் வந்த சிறுவன், பிறகு டைம் பத்திரிகையிலேயே ஆர்ட் டைரக்டராகப் பல வருஷம் வேலை பார்த்தார். 2016 ஆகஸ்டில் அதே டைம் அட்டையில் ட்ரம்ப் முகம் உருகி வழிகிற மாதிரி அவர் போட்ட படத்தைத் திரும்ப எடுத்துப் பார். கண் இல்லை, மூக்கு இல்லை. மஞ்சள் முடி, ஆரஞ்சு நிறம், திறந்த வாய். தள்ளி நின்று பார்த்தாலும், போனில் தீப்பெட்டி அளவில் பார்த்தாலும் யார் என்று தெரியும், என்ன ஆகிறது என்றும் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பல பேரின் படங்களைக் கழித்த கண்ணுக்குத்தான் அந்தச் சிக்கனம் வரும் என்பது என் கட்சி. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

மறுக்கப்பட்டதால் படம் செத்துவிடாது. நியூயார்க் டைம்ஸ் 1970 செப்டம்பர் 21-ல் தொடங்கிய கருத்துப் பக்கத்தில் பல ஆண்டுகள் ஆர்ட் டைரக்டராக இருந்த ஜெரெல் க்ராஸ், அச்சேறிய படங்களோடு தடுக்கப்பட்ட படங்களையும் சேர்த்து 2008-ல் புத்தகமாகவே போட்டார். நியூயார்க்கர் அட்டைகளை 1993 முதல் பார்த்துக்கொள்ளும் ஃப்ரான்ஸ்வாஸ் மூலியும் 2012-ல் அட்டைக்கு வராமல் போன படங்களைத் தொகுத்தார். வேண்டாம் என்று சொன்னவர்களே பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள் பார்.

தொழில் விஷயம் ஒன்று, சுருக்கமாக. இந்தத் தடவை நீ ரஃப் அனுப்பாமல் நேராக முடித்த படத்தையே அனுப்பியிருக்கிறாய். பதக்கம் வந்த பிறகு எதற்கு ரஃப் என்று நினைத்தாயோ? முன்பெல்லாம் மூன்று அனுப்புவாய்: ஒன்று பத்திரமானது, ஒன்று சுமாரானது, ஒன்று நீ ஆசைப்படுவது. மூன்று நாள் நீலத்தில் மூழ்காமல் அரை மணி நேரப் பென்சில் கோட்டிலேயே இந்தக் கேள்வி வந்திருக்கும். முடித்த படம் ரத்தானால் எவ்வளவு தருவார்கள் என்பதையும் வேலை ஒத்துக்கொள்ளும்போதே எழுத்தில் வாங்கிக்கொள். அப்புறம், இரண்டு பக்கம் விரியும் படத்தில் முகத்தை நடு மடிப்பில் வைக்காதே. போன வருஷம் ஒரு பாட்டியின் மூக்கு மடிப்புக்குள் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

உன் ஸ்வெட்டர் படம் வந்த இதழை அம்மா அலமாரியில் வைத்திருக்கிறாள். பக்கத்தைத் தனியாக எடுத்து ஃப்ரேம் போடலாமே என்றேன். "கட்டுரையின் மீதி பின்பக்கத்தில் இருக்கிறது, எப்படி எடுப்பது?" என்று என்னையே கேட்டாள்.

நாளை இரவுக்குள் புது ரஃப் கேட்டிருக்கிறார்கள் என்றாய். போட்டதும் எனக்கும் அனுப்பு, மூன்றையும். கட்டுரையையும் முழுசாகச் சேர்த்து அனுப்பு. படம் மட்டும் வந்தால் திறக்க மாட்டேன்.

அப்பா