மாரியில் கேளுங்கள், கோடையில் தீட்டுங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியின் பிரதேச சபைகளுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

போரில் அழிந்துபோன பழைய ஊரைச் சுவரில் கீறிவைக்க நீங்கள் நினைப்பது நல்ல காரியம். ஆனால் இந்த வேலை பெரும்பாலும் கார்த்திகையில்தான் தொடங்குகிறது. டிசம்பர் 31க்குள் காசை முடிக்க வேண்டுமே! சுவர் நனைந்து கிடக்கும் மாதமும் அதுதான். ஈரச் சுவரில் பூசிய பெயின்ற் அடுத்த கோடையில் கொப்புளித்து உரியும். ஆகவே வேலையை இரண்டு நிதியாண்டுகளுக்குப் பிரியுங்கள். மாரியில் முதியோரிடம் கேட்டுக்கொள்ளலாம், பங்குனிக்குப் பிறகு தூரிகை எடுக்கலாம்.

கேட்பதுதான் பெரிய வேலை. 2008, 2009 இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைக்காத குடும்பம் குறைவு. முதியோரிடம் "ஊர் எப்படி இருந்தது?" என்றால், "நல்லா இருந்தது தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முற்றத்தில் பத்தடிச் சதுரம் கூட்டி, சாம்பலால் முதலில் குளக்கட்டைப் போடுங்கள். பிறகு துருசு (குளத்து மதகு), வான் (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்), வாய்க்கால். "துருசடியிலிருந்து கோயிலுக்கு எந்த ஒழுங்கையால் போவீர்கள்? வண்டில் எங்கே திரும்பும்?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பலை அவர்களே வாங்கிக் கீறுவார்கள். பெண்களை வேறாக இருத்தி, இன்னொரு படம் போடச் சொல்லுங்கள். எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தப் படலைக்குள்ளால் குறுக்கே போகலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு படமும் ஒத்துவராத இடத்தில் நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் குறித்துவையுங்கள்.

வெளிநாட்டு உறவினரிடம் கலியாணப் படம் கேட்டால் முகத்தை மட்டும் வெட்டி அனுப்புவார்கள். முழுப்படம் கேளுங்கள். நமக்கு வேண்டியது மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரியும் வேலியும் கிணற்றுத் துலாவும்.

ஓவியர்களுக்கும் சொல்லிவையுங்கள்: கலண்டர் படத்து மலை வன்னியில் இல்லை. களத்தில் சூடு (அரிந்த நெற்கதிர்க் குவியல்) மிதித்தவை எருமையும் நாட்டு மாடும். கொம்பு சீவிய வெள்ளைக் காளை அல்ல. பொலி (மிதித்த நெல்) தூற்றுபவர் அவுரி என்ற உயர்ந்த முக்காலியில் ஏறி நின்று சுளகைச் சரிக்கும்போது நெல் நேரே கீழே விழும், பதர் காற்றோடு போகும். காலபோகச் (மாரி வேளாண்மை) சூடென்றால் வாடை எனும் வடகிழக்குக் காற்று, சிறுபோகமென்றால் (கோடை வேளாண்மை) சோளகம் எனும் தென்மேற்குக் காற்று. பதரைக் காற்றுக்கு எதிரே பறக்கவிட்டால் முதலில் பார்க்கும் கமக்காரரே சிரிப்பார். இதற்காகத்தான் முதலில் முதியோருக்குக் காட்டக் கடதாசியில் முன்வரைவு வேண்டும். சுவரின் ஓரடிக்குக் கடதாசியில் ஓரங்குலம் என்று கீறினால் பார்வை மங்கியவர்களுக்குத் தெரியாது, இரண்டங்குலம் வையுங்கள். இருபதடிச் சுவருக்கு நாற்பது அங்குலக் கடதாசி போதும். பிழை திருத்தியபின் கட்டம் போட்டுச் சுவருக்கு ஏற்றலாம்.

சுவர் தெரிவில் அவசரம் வேண்டாம். வடக்கு, கிழக்குச் சுவர்களை மாரிமழை அடிக்கும், மேற்குச் சுவரை வெயில் தின்னும். பாடசாலை விறாந்தையின் உட்சுவர்தான் நல்லது. புதிய பூச்சை 28 நாள் விடுங்கள். ஓரடிப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டி ஒருநாள் கழித்துப் பாருங்கள். உள்ளே நீர் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிறஷால் தட்டுங்கள், கழுவினால் உப்புக் கரைந்து திரும்ப உள்ளே போகும். உள்ளங்கையால் தேய்க்கும்போது சுண்ணாம்பு ஒட்டினால் சுரண்டாமல் பிறைமர் பூசவே கூடாது. கீழ் ஒன்றரை அடியில் படம் வேண்டாம், நிலத்து ஈரம் ஏறும் இடம் அது. காவி நிறங்கள் நின்றுபிடிக்கும். ரோஸும் ஊதாவும் முதலில் வெளிறும்.

ஒருவருடைய முகம் அடையாளம் தெரியக் கீறுவதானால் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். அவர் காணாமல் போனவரென்றால் இரண்டு தரம் கேளுங்கள்.

சாம்பல் படத்தை அழிக்குமுன் ஏணியில் ஏறிப் படமெடுங்கள். அதையும் இடப்பெயர்களையும் ஒரு கோப்பில் சேர்த்து, பாடசாலையில் ஒரு பிரதி, பிரதேச சபை நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். பூசிய நிறங்களின் இலக்கமும் அதில் இருந்தால் பின்னால் திருத்துபவர் அதே நிறத்தை வாங்கலாம்.

இப்படிக்கு,
சுவரோவியம் தீட்டுவோர் சிலர்