லாப்ரடார் வாங்கலாமா?

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது தடி இல்லாமலே நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பெரியவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாளா! என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் லாப்ரடார் நாய் ஜூலியைக் காலையில் நடக்கக் கூட்டிப்போவதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சின்னவன் லாப்ரடார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். போன தடவை நீ வந்தபோது ஜூலி உன் பாதத்தில் தலைவைத்துத் தூங்கியதைப் பார்த்து உனக்கும் ஆசை வந்திருக்கும். ஆனால் நீ பார்த்தது ஆடி அடங்கிய நாய். குட்டி அப்படி இருக்காது. ஜூலியைப் போல நிதானம் வர இரண்டு மூன்று வருடமாவது ஆகும்.

குணத்தைப் பற்றி ஊரார் சொல்வது உண்மைதான். பொறுமை, பாசம், குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பு எல்லாம் உண்டு. புது ஆள் வந்தாலும் வாலாட்டி வரவேற்கும், அதனால் காவலுக்கு என்று நினைத்து வாங்காதே. ஆனால் அந்த நல்ல குணத்தோடு சேர்ந்தே வருகிற மற்றவற்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாமே ஒரே இடத்தில் தொடங்குகின்றன.

லாப்ரடார் என்பது கனடாவில் ஒரு பகுதியின் பெயர் என்றாலும் இதன் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களின் நாய்கள். உறையவைக்கும் கடல்நீரில் குதித்து வலையை இழுக்கும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைப் பிடித்துவரும். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சிலர் அவற்றை வரவழைத்து, வேட்டையில் விழுந்த பறவையைக் காயமில்லாமல் கவ்விக் கொண்டுவரும் நாயாக வளர்த்தெடுத்தார்கள். 1903இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. விரல்களுக்கிடையே சவ்வு, நீர்நாயினுடையது போன்ற தடித்த வால், தண்ணீர் ஒட்டாத இரட்டை அடுக்கு முடி எல்லாம் அந்த வேலைக்கானவை. (அந்த முடி வருடம் முழுவதும் உதிரும். துடைப்பம் கையிலேயே இருக்கும்.)

மனிதர் சொல்வதைக் கேட்டு நாள் முழுக்க ஓட வேண்டிய நாய் என்பதால்தான் நம்மோடு இவ்வளவு ஒட்டுகிறது. அதே காரணத்தால்தான் தனியாக விட்டால் தவிக்கிறது, ஓட விடாவிட்டால் வீட்டைக் கடித்துக் குதறுகிறது. வளர்ந்தபின் தினம் இரண்டு மணி நேரம் நடையும் ஓட்டமும் வேண்டும். குட்டியாக இருக்கும்போது மட்டும் மூட்டுகள் உறுதியாகும்வரை குதிக்க வைப்பதும் படி ஏற்றி இறக்குவதும் அதிகம் கூடாது. வாயால் தூக்குவது அதன் பிறவித் தொழில். செருப்போ தலையணையோ, எதுவாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு வரும். அடிப்பதில் பயனில்லை. வேறு பொம்மையைக் காட்டி, விடு என்று சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் நீ உறுதியாக இருக்க வேண்டும். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு சிறு பகுதி இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் துணையாக இருக்கும் உதவி நாய்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் இது இன்னும் அதிகம். ஒரு துண்டு தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் அல்லவா? எளிதில் பழகுவதும் எப்போதும் பசிப்பதும் பல நாய்களில் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே அது பார்க்கிற பார்வைக்கு இரங்காதே. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் தட்டிலிருந்து எடுத்துப் போடுவதை அடியோடு நிறுத்திவிட்டோம். விருந்தாளிகளுக்கும் அதே சட்டம்தான்.

அம்மாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. வளர்ந்த ஆண் நாய் 30 கிலோவைத் தாண்டும். அன்பு மிகுந்து பாய்ந்தால் திடமான ஆளே தடுமாறுவார். குட்டி முதலே, நான்கு காலும் தரையில் இருந்தால்தான் கொஞ்சுவது என்று வீட்டில் அத்தனை பேரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் செல்லம் கொடுத்தாலும் பழக்கம் வராது.

அதனால் என் யோசனை இது: குட்டி வேண்டாம். மூன்று நான்கு வயதான, வளர்த்தவர்கள் வைத்துக்கொள்ள முடியாமல் நல்ல வீடு தேடுகிற ஒரு நாயை எடு. குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அம்மா அருகில் எப்படி இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளலாம். புது வீட்டோடு ஒட்டாது என்று பயப்படாதே. லாப்ரடார் ஒட்டும், சில வாரம் பொறுத்தால் போதும்.

குட்டிதான் வேண்டும் என்று முடிவானால், தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடு. நாய் வேட்டை வேலைக்காக வளர்த்த வேலை வம்சமா, நாய்க் கண்காட்சிக்காக வளர்த்த கண்காட்சி வம்சமா என்றும் விசாரி. வேலை வம்சத்தின் துடிப்பு உங்கள் வீட்டுக்கு அதிகம். நிறம் எதுவானாலும் பரவாயில்லை.

முதலில் சின்னவனிடம் பேசு. அப்புறம் பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், அம்மா என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுது. நாயைப் பார்க்கப் போகும்போது துணைக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
கமலா