சிறப்பு இசை நடத்துநரின் பயிற்சி குறித்து

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பித்தளை ஊதுகருவியான டிராம்போனை வாசிக்கும் நம் குழுவை இம்முறை வழிநடத்தவிருக்கும் சிறப்பு இசை நடத்துநர், 1812இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இசையமைப்பாளர் பேத்தோவன் நான்கு டிராம்போன்களுக்காக எழுதிய மூன்று சிறு படைப்புகளிலிருந்து பயிற்சியைத் தொடங்க விரும்புவதால், அனைவரும் தத்தம் பகுதியை முன்னதாகவே வாசித்துப் பார்த்து, மூச்செடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். சுரத்தை மாற்ற முன்னும் பின்னும் நகர்த்தும் குழாயான ஸ்லைடின் ஏழு நிலைகளும் நம் கைக்குப் பழகியவைதான்; ஆயினும் அந்நிலைகளைக் காட்டும் கோடு எதுவும் குழாயில் இல்லாததால், பலர் ஒரே சுரத்தில் நிற்கும்போது விரலளவு விலகலும் காதை உறுத்தும். தாழ்ந்த சுரங்களுக்கான பாஸ் டிராம்போன் வாசிப்போர் நடுவில் அமர வேண்டும் என்பது நடத்துநரின் விருப்பம். வகுப்பறையில் பிறரைத் திருத்தியே பழகிய ஆசிரியர்களான நாம், அவர் திருத்தும்போது விளக்கம் சொல்லாமல் மீண்டும் வாசிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை எனக் கருதுகிறேன். ஸ்லைடுக்கான தண்ணீர்த் தெளிப்பானை மறவாமல் எடுத்து வாருங்கள்.