கட்டுநாயக்காவில் பார்த்த திமிங்கிலம்

கிளிநொச்சி,
ஆடி மாதம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. பதில் பிந்தியதற்கு வழக்கமான காரணம்தான்: சோம்பல். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு திமிங்கிலம்.

அக்காவின் மகள் கனடாவிலிருந்து வந்திருக்கிறாள். ஏழு வயதில் பார்த்த பிள்ளை, இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அழைத்துவர வான் பிடித்துக் கட்டுநாயக்காவுக்குப் போனேன். விமானம் தாமதம். காத்திருந்த இடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு விளம்பரப் பலகை. திருகோணமலைக்கு வாருங்கள் என்கிறது. கடலுக்கு மேலே திமிங்கிலத்தின் வால், அதிலிருந்து வடியும் நீர் துளித்துளியாகத் தெரிகிறது. கீழே நிலாவெளி மணல், புறாமலை, சுவாமிமலை உச்சியில் கோணேசர் கோயில். ஓரத்தில் சின்னதாக இலங்கைப் படம்: சிகிரியாவுக்குக் குன்று, மின்னேரியாவுக்கு யானை, அநுராதபுரத்துக்குத் தாதுகோபம், யாழ்ப்பாணத்துக்கு நல்லூர்க் கோபுரம். நடுவில் வெறும் பச்சை.

மருமகள் வந்து இறங்கியதும் அந்தப் படத்தைத்தான் பார்த்தாள். “மாமா, நாங்கள் போகும் இடம் இதில் எங்கே?” என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை, நம் வன்னி முழுவதும், என் விரல் நுனிக்குள் அடங்கிவிட்டது. விரலை எடுத்தபோது அந்தப் பச்சையில் என் வியர்வை மட்டும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே திருகோணமலை, வடக்கே நமது முல்லைத்தீவு. இரண்டு கரையிலும் அடிப்பது ஒரே கடல். திமிங்கிலம் மாவட்ட எல்லை பார்த்தா நீந்துகிறது? திருகோணமலைக்காரர் மீது எனக்குப் பொறாமை இல்லை. அவர்களும் பட்டவர்கள்தாம், நாலு பேர் வந்து நாலு காசு புரண்டால் நல்லது. ஆனாலும் அந்தப் பச்சை குத்தியது.

புத்தளம் தாண்டியதும் பிள்ளை தூங்கிவிட்டாள். நான் மனதுக்குள் வன்னிக்கு ஒரு பலகை செய்து பார்த்தேன். என்ன படம் போடுவது?

நீ அப்போது இங்கே இல்லை. போர் முடிந்து ஏ9 பாதை திறந்தபின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க. பக்கத்திலேயே நினைவுப் பொருள் கடையும் போட்டிருந்தார்கள். புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவருடைய நிலத்தடிப் பதுங்குகுழியைப் பார்க்க. அதை 2013இல் தகர்த்துவிட்டார்கள். முள்ளிவாய்க்கால் கரையில் ஃபரா 3 என்ற ஜோர்தான் கப்பல், 2006 டிசம்பரில் தரைதட்டியது, துருப்பிடித்துக் கிடந்தது. அதன் முன்னே குடும்பமாக நின்று படம் எடுத்தார்கள். நாங்கள் அப்போது தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். பலகை இல்லாமலே நமக்கு வாய்த்த விளம்பரம் அது. அதை நினைத்ததும் அந்தப் பச்சை அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

சரி, வேறு என்ன இருக்கிறது? இரணைமடுக் குளம் இருக்கிறது. மாரியில் வான்கதவு திறக்கும் நாளில் ஊரே திரண்டு நின்று பார்க்கும். ஆனால் கதவு எப்போது திறக்கும் என்று யாரும் டிக்கெட் அச்சடிக்க முடியாது. முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீர் ஊற்றி விளக்கெரிப்பார்கள், பிறகு வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல். அந்த விளக்கைப் படம் எடுத்தால் அது வெறும் விளக்குத்தான்; உப்புநீர் எரிகிறது என்பது படத்தில் தெரியாது. யானையா? பலகையில் நிற்கும் யானை குளத்தில் குளிக்கிறது. நம் யானை இரவில் வந்து தென்னம்பிள்ளையைக் குருத்தோடு பிடுங்குகிறது, நாம் யானைவெடி கொளுத்திக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கிறோம். போன மாதம் எனக்கு ஒன்பது தென்னம்பிள்ளை போயிற்று.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வழக்கம்போல் வானை நிறுத்தினோம். சாரதி கற்பூரம் கொளுத்தினார், நான் கச்சான் வாங்கினேன். பிள்ளை எழுந்து, கோது உடைத்துத் தோலை ஊதிச் சாப்பிட்டாள். ஊதியது எல்லாம் என் சட்டையில். கச்சானுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி பாலைப்பழம் வைத்திருந்தா, காலம் முடிகிற கடைசிப் பழம். பிள்ளை ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது. பேச முடியாமல் கையைக் காட்டிக் காட்டி என்னைத் திட்டினாள். நாம் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய், வாத்தியார் கேட்டபோது வாய் திறக்க முடியாமல் நின்றோமே, அது நினைவு வந்து சிரித்தேன். அவளுக்கு இன்னும் கோபம்.

அடுத்த வருடம் நீ சென்னை வழியாகப் பலாலி விமான நிலையத்தில் வந்து இறங்கு. அங்கிருந்து வீடு இரண்டு மணி நேரம்தான். ஆனியில் வந்தால் பழம் நிறையக் கிடைக்கும்.

நீ கேட்ட வேலி விஷயம்: உன் காணியின் மேற்குப் பக்கக் கதியால் பாதி பட்டுவிட்டது. முள்ளுக்கம்பி அடிப்பதா, மழைக்குப் புதிதாக நடுவதா என்று எழுது. கம்பி விலை விசாரித்துவைக்கிறேன்.

உன் பழைய வாங்குத் தோழன்