நாள்பட்ட வலியும் படுக்கை ஓய்வும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நாள்பட்ட முதுகுவலி குறித்து வெளியான கட்டுரை, வலி அடங்கும்வரை பலகையில் படுத்து முழு ஓய்வு எடுக்க வேண்டும் என்றும், எழுந்து நடமாடும்போது இடுப்பு பெல்ட்டைக் கழற்றவே கூடாது என்றும் அறிவுறுத்தியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே அறிவுரையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துத் துன்பப்பட்டவள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அப்போது நான் பள்ளி ஆசிரியையாகப் பணியில் இருந்தேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்ட வலி, மூன்று மாதமாகியும் விடவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு, தேய்ந்திருப்பதாக அறிக்கை வந்தது. தேய்மானம் என்ற அந்த ஒரு சொல்லே என்னைப் படுக்கையில் தள்ளிவிட்டது. குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கிவிடுமோ என்று அஞ்சி, மருத்துவ விடுப்பு எடுத்து நான்கு மாதம் படுத்தே கிடந்தேன். வீட்டாரும் அன்பின் மிகுதியால் ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட என்னை எடுக்க விடவில்லை. விடுப்பு முடிந்தபோது வலி அப்படியே இருந்தது. தொடைச் சதை வற்றி, மாடிப்படி ஏறும் தெம்புதான் போயிருந்தது.

அந்த அறிக்கையைக் கையில் கொடுத்தபோது யாராவது எனக்கு ஓர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வொன்றில், 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது. தலைமுடி நரைப்பதைப் போல முதுகெலும்புக்கும் வயதாகிறது. ஸ்கேனில் தெரியும் தேய்மானமெல்லாம் வலிக்குக் காரணம் என்று கொள்ள முடியாது.

இதே தவறான எண்ணம் மறுபக்கமாகவும் மனிதரைக் காயப்படுத்துகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் வலியும் இல்லை, வேலைக்கு அஞ்சி நடிக்கிறாள் என்று பேசுவதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் மருமகள்களைப் பற்றித்தான் இப்படிப் பேசுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், முதலில் ஏற்பட்ட காயம் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் மிகை உணர்ச்சியோடு இருக்கக்கூடும். திருடனைக் கண்டு குரைத்த நாய் பிறகு சருகு விழுந்தாலும் குரைப்பதைப் போன்றது அது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-ல் திருத்தி வெளியிட்ட வரையறையில், தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறது.

வலி பொறுக்காத நாட்களில் தெருமுனை மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கி விழுங்கியதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தாளில் மடித்துத் தந்த அந்த நான்கைந்து மாத்திரைகளில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் தொடர்ந்து உட்கொண்டால் வயிற்றில் புண் உண்டாகலாம், சிறுநீரகம் கெடலாம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை ஏறும், எலும்பும் வலுவிழக்கும். இவ்வளவு ஆபத்தானவற்றைக் கேள்வி கேட்காமல் விழுங்கிய எங்கள் வீட்டிலேதான், சர்க்கரை நோயால் பாதம் எரிந்து தூக்கமின்றித் தவித்த என் தங்கை, மருத்துவர் எழுதிக்கொடுத்த அமிட்ரிப்டிலின் மாத்திரையை, அது மனநோய்க்கான மாத்திரை என்று ஓர் உறவினர் சொன்னதை நம்பி நிறுத்திவிட்டாள். மனச்சோர்வுக்கென வந்த அம்மருந்தைக் குறைந்த அளவில் நரம்பு வலிக்குக் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம் என்று அவளுக்குப் புரியவைக்க ஓராண்டு ஆயிற்று.

எனக்கு விடிவு கிடைத்தது ஒரு பிசியோதெரபிஸ்டிடம். வீட்டுக்குள்ளேயே நாளுக்கு ஐந்து நிமிட நடையில் தொடங்கச் சொன்னார். முதல் இரண்டு வாரம் வலி கூடியது. வலி கூடுவதெல்லாம் உடல் சேதமடைவதன் அறிகுறியாகாது என்று அவர் பொறுமையாக விளக்கியிராவிட்டால் அத்தோடு நிறுத்தியிருப்பேன். இன்று நாற்பது நிமிடம் நடக்கிறேன், தரையில் அமர்ந்து காய் நறுக்குகிறேன். வலி முற்றிலும் போய்விடவில்லை, ஆயினும் இரவில் தூங்குகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கென வெளியிட்ட வழிகாட்டுதலும் நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும் எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், கால் மரத்து வலுவிழத்தல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை வலியோடு சேர்ந்து வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டுரையில் இந்த எச்சரிக்கையும் விடுபட்டிருந்தது.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் வசதி உண்டு என்பதுகூடப் பல முதியவர்களுக்குத் தெரியவில்லை. தங்கள் இதழ் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகள் வரை வாசிக்கப்படுகிறது. ஆகவே, படுக்கை ஓய்வு பற்றிய அந்த அறிவுரைக்கு ஒரு திருத்தத்தையும், இயன்முறை மருத்துவர் ஒருவர் எழுதும் விரிவான கட்டுரையையும் அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.