வீட்டிலிருந்து வேலை: மலையில் காலை வாருவது கரண்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காட்டில் உட்கார்ந்தபடி சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பதில் லாபம் கண்கூடு. 20 கொண்டை ஊசி வளைவுகளை தினமும் ஏறி இறங்க வேண்டாம், வீட்டுச் சாப்பாடு. தொல்லைகள் சின்னச் சின்ன இடங்களில்தான்.

கோடை மழையில் சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழுந்தால் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். அது பேட்டரிக்கு மாறும் கணத்தில் சில ரவுட்டர்கள் அணைந்து, மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். மீட்டிங்கில் ஆள் காணாமல் போவது இதனால்தான். ரவுட்டருக்கென்று மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் இடைவெளியின்றி பவர் தரும் சின்ன பேட்டரி) வைக்கலாம். வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியரா, 2 ஆம்பியரா? யூபிஎஸ்ஸின் வோல்ட் அதற்கு அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் குறைந்தால் ரவுட்டர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். ஃபைபர் மோடம் தனியாக இருந்தால் அதற்கும் பவர் வேண்டும். இதை மறந்துவிட்டு யூபிஎஸ்ஸைத் திட்டுவதில் பயனில்லை.

இடி இடித்தால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். ஃபைபரின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. மின்னலின் தாக்கம் கரண்ட் லைன் வழியாக வரும். மோடத்தில் எல்ஓஎஸ் (சிக்னல் வரவில்லை) என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் இழை அறுந்திருக்கும், அல்லது ஜன்னலோரம் ஒடித்து மடக்கி ஆணி அடித்திருப்பார்கள்.

கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப் வைத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி கீபோர்டு வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள். மலை எதிரேதானே இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், ஏற்காடு